கலகக்காரர் ஊர் வரலாறு எழுதினால் அதை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வி நீளமானது. நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோவையிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவர். மாமனார் போன வருடம் காலமாகிவிட்டார். இருபது வயதில் தோள் வரை முடி வளர்த்து, வெள்ளை அரசாங்கத்துக்கு எதிராக நாடகம் போட்டு, ரோனியோ என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் பத்திரிகை அடித்து, போலீஸில் மாட்டியவர். சொந்தக்காரர்கள் வாயில் அவர் பெயரே 'ஹிப்பி'. ஐம்பதைத் தாண்டியபின், டர்பனில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் வாழ்ந்து பின்பு இடிக்கப்பட்ட பகுதியான கேட்டோ மேனரின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். இப்போது வீட்டில் பதினொரு அட்டைப்பெட்டிகளும் முடிக்காத ஒரு கையெழுத்துப் பிரதியும் இருக்கின்றன. அவர் வாழ்க்கையை எழுத எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "பாதி கட்டுக்கதை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், அவரை வரலாற்று ஆசிரியர் என்று எழுதினால் சிரிப்பார்களோ?" கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது என்பது அதற்கு அப்புறம்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். 1997இல் தமிழ் வாத்தியாராக டர்பன் வந்தேன். இரண்டு வருடம் என்று வந்தது இப்படி ஆகிவிட்டது. வாத்தியார் வேலையைவிட, பழைய காகிதங்களில் தமிழில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வேலையையே அதிகம் செய்தேன். பேரன் பேத்திகள் பை நிறைய எடுத்துக்கொண்டு வருவார்கள். கருமாதிப் பத்திரிகை, சீட்டுக் கணக்கு, கோயில் வசூல் நோட்டு, ஊரிலிருந்து வந்த கடைசிக் கடிதம் என்று எல்லாம் இருக்கும். தாத்தாவுக்குத் தெரிந்த எழுத்து அவர்களுக்குத் தெரியாது. கூடவே வயதானவர்கள் பேசியதையும் நிறையப் பதிவு செய்திருக்கிறேன். உங்கள் பெட்டிகளை நான் பார்க்கவில்லை, உங்கள் மாமனாரைச் சந்தித்ததும் இல்லை. ஆகவே அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. அவரைப் போன்றவர்களின் பேச்சு எந்த இடத்தில் கெட்டியாக நிற்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. கலகம் செய்துவிட்டு ஊர் வரலாறு எழுத வந்தவர் உங்கள் மாமனார் ஒருவர் மட்டும் இல்லை, இந்த ஊரில் அது ஒரு வழக்கமே. ஃபிலிஸ் நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர், கூட்டத்தில் சேரவும் எழுதவும் கூடாது என்று அரசு தடை போட்டவர், நாடு விட்டுப் போனவர், 1979இல் லெசோத்தோவில் பார்சல் குண்டில் காயப்பட்டவர். திரும்பி வந்தபின் டர்பனில் இந்தியர்களின் கடைவீதியான கிரே ஸ்ட்ரீட் மனிதர்களைப் பற்றி எழுதுவதும் பழைய காகிதங்களைச் சேர்ப்பதுமாகவே 2013இல் இறக்கும்வரை இருந்தார். தொழிற்சங்கத்திலும் ஓவியத்திலும் புகைப்படத்திலும் இருந்த ஓமர் பாட்ஷா, பின்னாளில் தென்னாப்பிரிக்க வரலாற்றுக்காக ஒரு பெரிய இணையத் தொகுப்பையே உருவாக்கினார். இவர்களுக்குக் கீழே, பெயர் வெளியே தெரியாமல், ஒரு தெருவுக்கு ஒருவர் என்று இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், துணி ஆலைக் கணக்கர்கள். ஒரு காலத்தில் சுவரொட்டி ஒட்டியவர்கள்.

ஏன் இப்படி? காரணம் எளிது, ஊர் இல்லாமல் போய்விட்டது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசு வகுத்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. இந்தியக் குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கும், ஆப்பிரிக்கக் குடும்பங்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், அதாவது ஊர்ப்புறத்தில் இனவாரியாகக் கட்டிய குடியிருப்புகளுக்கு, கிளப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள். அப்புறம் வெள்ளையர்களும் அங்கே பெரிதாகக் குடிவரவில்லை. நிலம் பல பத்தாண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. கோயில்களும் மாமரங்களும் மிஞ்சின. உங்கள் மாமனார் பையனாக இருந்தபோது, தெருப்பெயரைச் சொன்னாலே வாழ்ந்த மனிதர்கள் நினைவுக்கு வரும் இடத்திலிருந்து, யூனிட் எண் போட்ட வரிசை வீட்டுக்குப் போயிருப்பார். இதை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். பிற்பாடு அவர் வளர்த்த முடிக்கும், வயதான காலத்தில் வரைந்த வரைபடத்துக்கும் விதை அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 1994இல் நிலத்தை மீட்டுத் தரும் சட்டம் வந்தது. 1998 டிசம்பர் 31க்குள் மனுப் போட வேண்டும். எங்கே இருந்தீர்கள், எத்தனை சதுர அடி, யாருக்கு வரி கட்டினீர்கள் என்று கேட்டார்கள். அப்போதுதான் ஊரே பழைய ரசீதைத் தேடியது. நான் வந்த வருடத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தபால் ஆபீஸ் வாசலில், நகராட்சி ஆபீஸ் வரிசையில், ஒரு பழைய நாடகக்காரரோ சங்கக்காரரோ நின்றுகொண்டு பாட்டிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். "உங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருடையது ஆயா?" என்று கேட்டுக் கேட்டே அவர்கள் கையில் ஒரு வரைபடம் உருவாயிற்று. பலருக்கு நிலத்துக்குப் பதில் பணம்தான் வந்தது. வரைபடம் மட்டும் படிவம் நிரப்பியவரிடம் தங்கிவிட்டது. பெட்டிகளில் 1995 முதல் 1998 வரையிலான தாள்கள் தடிமனாக இருந்தால், உங்கள் மாமனார் வரலாற்றுக்காரர் ஆனது ஏதோ ஆன்மிக மாற்றத்தால் அல்ல, படிவம் நிரப்பியதால்தான் என்று தைரியமாக எழுதலாம்.

சரி, பொய்யும் மெய்யும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் 342 பேர். 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர். ஆனால் நான் பேட்டி எடுத்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரின் கொள்ளுத்தாத்தா ட்ரூரோவில்தான் வந்தார்! எல்லோரையும் கணக்கில் சேர்த்தால் அந்தக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருக்காது. இவர்கள் யாரும் பொய்யர்கள் அல்ல. தாத்தா ஒரு கப்பலில் வந்தார். பெயர் தெரிந்த கப்பல் ஒன்றுதான். நினைவு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

எழுபதுகளின் ட்ரூரோ ஒன்று உண்டு. அதுதான் டர்பனில் உள்ள கரீஸ் ஃபவுண்டன் மைதானம். 1974 செப்டம்பர் 25, மொசாம்பிக்கில் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ ஆட்சிக்கு வருவதைக் கொண்டாட, நிறவெறிக்கு எதிரான கறுப்பு உணர்வு இயக்கத்தார் அந்த மைதானத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். அமைச்சர் தடை போட்டார். தடையை மீறிக் கூட்டம் திரண்டது, போலீஸ் நாய்களோடு வந்தது. அதைத் தொடர்ந்து நடந்த வழக்கில் ஒன்பது பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். டர்பன் தமிழ்ப் பின்னணியிலிருந்து சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் அதில் இருந்தார்கள். 1976 டிசம்பரில் தண்டனை அறிவித்து ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். இவ்வளவும் உறுதி. ஆனால் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் "நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்" என்பார். உங்கள் மாமனாரும் எழுதியிருப்பார். அதைப் பார்த்ததும் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எந்த வாசல் வழியாகப் போனார், யாரோடு போனார், எப்படி வீடு திரும்பினார் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். போகாதவர் கோஷத்தை எழுதுவார். போனவர் செருப்பு எங்கே தொலைந்தது என்று எழுதுவார்.

அந்த நாடக விஷயத்தில் மட்டும் சொந்தக்காரர்கள் சிரித்தால் நீங்கள் அசர வேண்டாம். 'நாலு பையன்கள் மேடையில் கத்தினால் அரசாங்கத்துக்கு என்ன பயம்' என்று அவர்கள் கேட்பார்கள். பயந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் சொன்ன அந்த வழக்கில் நாடகங்களும் கவிதைகளும் குற்றச்சாட்டின் பகுதியாகவே வைக்கப்பட்டன. 1969 வாக்கில் டர்பனில் தொடங்கிய நேட்டால் நாடக மன்றத்தில் (நேட்டால் என்பது டர்பன் இருக்கும் மாகாணம்) கூப்பர், மூட்லி இருவருமே இருந்தார்கள். மேடையில் நடிப்பது சட்டப்படி ஆபத்தான காரியமாக இருந்தது. தடை உத்தரவு வந்தவர் இன்னொருவரோடு கூடிப் பேசினாலே கூட்டம் என்று பிடிக்கலாம். அவர் சொன்னதைப் பத்திரிகை அச்சிட முடியாது. 1967இன் பயங்கரவாதச் சட்டத்தில் காலவரையறை இல்லாமல் உள்ளே வைக்கலாம். தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாட்ஸ்வர்த் சமூகக்கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்து பார்க்கும் நாடகம் அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

முடி விஷயமும் அப்படித்தான். இந்தியர்களுக்கென்று தனியாக வைத்த பல்கலைக்கழகக் கல்லூரி அறுபதுகளில் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் இருந்தது. முன்பு கடற்படை இருந்த இடம். மாணவர்கள் படகில் போய் வர வேண்டும், கோட்டும் டையும் கட்டாயம். அந்தப் படகில் டை கட்டிப் போன பையன்தான் இரண்டு வருடம் கழித்து முடி வளர்க்கிறான், பெல்பாட்டம் போடுகிறான். வெளிநாட்டுப் பாட்டுத்தட்டு பார்த்துச் செய்தது கொஞ்சம் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அவன் வீட்டில் நடந்த சண்டை முடியைப் பற்றி மட்டும் இல்லை. கறுப்பு உணர்வு இயக்கம் ஒடுக்கப்பட்ட எல்லோரையும், இந்தியர்களையும் சேர்த்து, கறுப்பர் என்றது. "நாம எப்படா கறுப்பர் ஆனோம்?" என்று கேட்காத தமிழ் வீடே அன்று இருந்திருக்காது. அப்பாக்கள் தேவாரம் பாடும் வீட்டில் மகன் அந்த இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோவின் பெயரைச் சொன்னான். கையெழுத்துப் பிரதியில் இந்தச் சண்டை இல்லையென்றால் அத்தையிடம், அதாவது உங்கள் மாமியாரிடம், கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் அணி சார்ந்தவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1971இல், நேட்டால் இந்தியர்களின் பழைய அரசியல் அமைப்பான நேட்டால் இந்தியர் காங்கிரஸை மறுபடி உயிர்ப்பித்தபோது, கறுப்பு உணர்வுப் பையன்கள் பலர் அதை எதிர்த்தார்கள். இந்தியர் என்ற பெயரில் ஏன் ஒரு கட்சி என்பது அவர்கள் வாதம். அந்தப் பகை இன்னும் ஆறவில்லை. ஆகவே காங்கிரஸ்காரர்களைப் பற்றி அவர் எழுதிய கடுமையான பக்கங்களை வரலாறாக எடுக்காமல், அவருடைய அபிப்பிராயமாகவே எடுங்கள். எதிரணிக்காரர் எழுதியதைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேரும் ஒரே தேதியைச் சொன்னால் தேதி சரி.

அடுத்தது காகிதம். இது பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் நல்ல போராளி என்றால் வீட்டில் காகிதம் வைக்காதவர். துண்டறிக்கையை விநியோகித்துவிட்டு மிச்சத்தை எரித்துவிடுவார்கள். ஒரு பாட்டி எனக்குச் சொன்னார்: மகனைப் பிடித்துக்கொண்டு போன இரவு, சட்டை துவைக்கக் கொதிக்க வைக்கும் செப்புப் பானைக்கு அடியில் அவனுடைய தாள்களை எல்லாம் திணித்தாராம். "காலையில் தண்ணி நல்லா சூடா இருந்துச்சு" என்றார். எரிக்காததைப் போலீஸ் கொண்டுபோனது. கொண்டுபோனதிலும் பெரும்பகுதி போய்விட்டது. ஆட்சி மாறும் தறுவாயில், 1993இல் மட்டும், தேசிய உளவுத்துறை சுமார் 44 டன் ஆவணங்களை எரித்தது என்று, நிறவெறி ஆட்சிக் கொடுமைகளைப் பின்னர் விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பதிவு செய்திருக்கிறது. இரண்டு பக்கமும் எரித்திருக்கிறார்கள்! இளமையில் கையால் எரித்ததை முதுமையில் தேடித் திரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பஸ் டிக்கெட்டைக்கூட வைத்திருப்பார்கள். பதினொரு பெட்டியில் பாதி குப்பைபோலத் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் அடித்த பத்திரிகையின் பிரதி வீட்டில் இல்லாமல், அவரைப் பிடித்தவர்களின் கோப்பில் இருக்கலாம். வழக்கில் சான்றாகக் கொடுத்த தாள்கள் தப்பித்திருக்கின்றன. மேலே சொன்ன ஒன்பது பேர் வழக்கின் கட்டுகள் ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆவணப் பிரிவில் இருக்கின்றன. தடை உத்தரவு பெற்றவர்களின் பெயர் அரசிதழில் அச்சாகியிருக்கும். உங்கள் மாமனாருக்குத் தடை இருந்தது என்று குடும்பம் சொன்னால், அது அரை நாளில் தீரும் கேள்வி. 'பிடித்தார்கள், விசாரித்தார்கள், விட்டார்கள்' என்றால் அது கடினம். அப்படிப்பட்டவற்றுக்குத் தாள் மிஞ்சுவது அரிது, மிஞ்சவில்லை என்பதால் நடக்கவில்லை என்றும் ஆகாது. தகவல் பெறும் சட்டம் 2000இல் வந்தது. அத்தையின், அதாவது உங்கள் மாமியாரின், கையெழுத்தோடு மனுப் போட்டுப் பாருங்கள். பதில் வர மாதக்கணக்கு ஆகும். நான் வக்கீல் இல்லை, நடைமுறைக்கு ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோனியோ தாள் கிடைத்தால் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்யும்போது வட்டமான எழுத்துகளின் நடுப்பகுதி வெட்டுப்பட்டு விழுந்துவிடும். அதனால் அந்த எழுத்துகள் கறுப்புப் பொட்டாக இருக்கும். ஒவ்வொரு தட்டச்சு இயந்திரத்துக்கும் ஒரு நொண்டி எழுத்து உண்டு. ஒன்று மேலே ஏறியிருக்கும், இல்லையென்றால் வால் உடைந்திருக்கும். தேதியில்லாத இரண்டு தாளில் ஒரே நொண்டி எழுத்து இருந்தால் இரண்டும் ஒரு வீட்டுத் தாள். விலை போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஷில்லிங் பென்ஸ் என்றால் 1961 பிப்ரவரிக்கு முன்பு, சென்ட் என்றால் அதற்குப் பின்பு. கேட்டோ மேனர் வாடகை ரசீதுகளுக்கும் இதே கணக்கு உதவும்.

இனி அவருடைய வரலாற்றுப் பகுதி. ஊர் வரலாறு எழுதுபவரைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: 1949ஐ எப்படி எழுதியிருக்கிறார்? அந்த ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அதில் ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50. கேட்டோ மேனர் மிக மோசமாக அடிபட்டது. நம் வீடுகளில் சொல்லும் கதையில் எரிந்த கடை இருக்கும், ஒளித்துக் காப்பாற்றிய ஆப்பிரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். இறந்தவர்களில் ஆப்பிரிக்கர்களே அதிகம் என்பதும், அவர்களில் பலர் போலீஸ், ராணுவக் குண்டுக்கு இறந்தார்கள் என்பதும் இருக்காது. தகரக் கொட்டகைக்கு நம் ஆட்கள் வாங்கிய வாடகையும், கடைக் கணக்கும், பஸ்ஸில் நடத்திய விதமும் இருக்காது. ஒரு கலகக்காரர் அந்தப் பக்கத்தையும் எழுதியிருந்தால், ஒரு ஆப்பிரிக்கக் குடும்பத்தையாவது உட்கார வைத்துக் கேட்டிருந்தால், அவரை வரலாற்று ஆசிரியர் என்று எழுதுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இளமையில் 'நாங்களும் கறுப்பர்' என்றவர் முதுமையில் தமிழர் பெருமையை மட்டும் எழுதி வைத்திருந்தால், அதையும் மறைக்காமல் நீங்கள் எழுத வேண்டும். அப்படிப் பலருக்கு நடந்திருக்கிறது. வயதானால் சாதிப்பெயர்மீது ஒரு பாசம் வந்துவிடுகிறது. படையாட்சியும் கோவெண்டரும் (நம் ஊர்க் கவுண்டர்தான்) எந்த ஜில்லாவிலிருந்து வந்தார்கள் என்று இருபது பக்கம் எழுதுவார்கள்.

கோயிலும் அப்படித்தான். இருபது வயதில் காவடியைக் கிண்டல் செய்து நாடகம் போட்டவர், அறுபதில் அம்பலவாணர் ஆலயத்தின் சுவரை அளந்துகொண்டிருப்பார். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்து, 1905 வெள்ளத்தில் போய், 1947இல் கேட்டோ மேனர் பெல்லேர் ரோட்டில் மறுபடி கட்டிய கோயில் அது. இதை முரண்பாடு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடிக்காமல் விட்ட கட்டடம் அதுதான். பழைய ஊரில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் கோயிலிலிருந்துதான் அளக்க வேண்டும். சாமி நம்பிக்கை அவருக்கு வந்ததா இல்லையா என்பது அத்தைக்குத் தெரியும், எனக்கு வேண்டாம்.

அவர் வரைந்த வரைபடத்தைச் சோதிப்பது எளிது. 1930களிலிருந்தே இந்த நாட்டை விமானத்திலிருந்து படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் பிரதி கிடைக்கும். நிலப் பத்திரங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கின்றன. தெருப்பெயர் மாறியதை மட்டும் கவனியுங்கள். பெல்லேர் ரோடு இப்போது வூசி ம்ஸிமேலா ரோடு, கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் தொலைந்துபோவார்கள். கொள்ளுத்தாத்தா கதைக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. அதில் காலனி எண் (ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த எண்), அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் வாய்விட்டு உரக்கப் படித்துப் பாருங்கள், கண்ணால் தேடினால் கிடைக்காது. கோவைக்காரர் என்பதால் ஊர்ப்பெயர்கள் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். இங்கே பிறந்தவர்களுக்கு இல்லாத வசதி அது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஒரு அம்மாள், கேட்டோ மேனரில் தன் அப்பா மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தமிழ் நூல்நிலையம் நடத்தினார், நூறு புத்தகம் இருந்தது என்றார். கூலிக்காரர் வீட்டுக் கொட்டகையில் நூலகமா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். குறிப்பில் 'மிகை' என்று எழுதி வைத்தேன். நாலைந்து வருடம் கழித்து, ஒருவர் இறந்தபின் வந்த பையில் அட்டை கிழிந்த நீதிநூல் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் ஊதா மையில் ரப்பர் முத்திரை இருந்தது: நூல்நிலையம், அந்த அம்மாளின் அப்பா பெயர், தெருப்பெயர். கீழே பென்சிலில் '83' என்று எண். நூறு இல்லையென்றாலும் எண்பத்துமூன்றாவது இருந்திருக்கிறது. அந்த அம்மாள் அதற்குள் போய்விட்டார். என் குறிப்பை அடித்துவிட்டுத் தேதி போட்டேன்.

அடித்து எழுதியது என்றதும் நினைவு வருகிறது, உங்கள் மாமனாரின் கையெழுத்துப் பிரதியில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஒரு தேதியை எழுதி, அடித்து, வேறு தேதி போட்டு, பக்கத்தில் 'இன்னாரிடம் கேட்டேன், இல்லை என்கிறார்' என்று குறித்திருக்கிறாரா? அப்படி நாலு இடம் இருந்தால் போதும். மேடையில் பேசுபவர் தன் வசனத்தை அடிக்க மாட்டார். வரலாறு எழுதுபவர் அடித்துக்கொண்டே இருப்பார். பிரதி முழுக்க ஓர் அடித்தல்கூட இல்லாமல் வழவழவென்று ஓடினால் எனக்குச் சந்தேகம் வரும்.

வாழ்க்கைக்கதையில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் நடுப்பகுதி. பீக்கோ 1977 செப்டம்பரில் காவலில் இறந்தார். அக்டோபரில் கறுப்பு உணர்வு அமைப்புகளை எல்லாம் தடை செய்தார்கள். அதிலிருந்து தொண்ணூறுகள் வரை உங்கள் மாமனார் என்ன செய்தார்? கையெழுத்துப் பிரதியில் அநேகமாக ஒரு வரி இருக்கும்: 'பிறகு குடும்பப் பொறுப்புகள்.' அந்த ஒரு வரிக்குள் பயம் இருக்கும், வேலை கிடைக்காத காலம் இருக்கும், சில வீடுகளில் குடி இருக்கும், நண்பர் ஒருவர்மேல் வந்த சந்தேகம் இருக்கும். அந்த வருடங்களில் அரிசி வாங்கியது யார் என்று கேளுங்கள். அத்தை துணி ஆலையில் தைத்திருந்தால், நாடகக்காரரின் வாழ்க்கைக்கதையில் அந்தத் தையல் மெஷினுக்கு ஒரு அத்தியாயம் உண்டு.

சந்தேகம் என்றதால் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் எங்காவது 'இன்னார் போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர்' என்று எழுதியிருக்கும். அந்தத் தலைமுறைக் காகிதங்களில் அது இல்லாமல் இருக்காது. சில சமயம் உண்மை. பல சமயம், பிரிக்க நினைத்த போலீஸே பரப்பியது. அதில் பெயர் வந்தவரின் பேரனும் உங்கள் மாமனாரின் பேரனும் இன்று ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், கிழிக்காதீர்கள். ஆனால் கையெழுத்தைத் தவிர வேறு ஆதாரமில்லாமல் அந்தப் பெயரை அச்சில் ஏற்றாதீர்கள். இதில் மட்டும் நான் கறார்.

இப்போது வேலை. பெட்டிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க ஆசை வரும், செய்யாதீர்கள். எந்தத் தாள் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே பாதி விஷயம். பெட்டிக்கு எண் போட்டு, இருக்கும் வரிசையிலேயே மொபைலில் படம் எடுங்கள். டர்பன் ஈரத்துக்கு ஊசியும் கிளிப்பும் துருப்பிடித்திருக்கும், அவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். செலோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. ஃபேக்ஸ் தாள் இருந்தால் முதலில் நகல் எடுங்கள், அதன் எழுத்து மங்கிக்கொண்டே வரும். கேசட் இருந்தால் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா சுற்றிக்கொள்ளும். டிஜிட்டல் ஆக்குபவரிடம் நேராகக் கொடுங்கள். முடித்தபின் மூலத்தை ஒரு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பது நல்லது. வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கொடுக்கும்போது பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள்.

ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அத்தையோடு ஒரு மதியம் உட்காருங்கள். மொபைலை மேஜைமேல் தெரிகிற மாதிரி வைத்து, பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். 'மாமா என்ன செய்தார்' என்று கேட்டால் ஊருக்குச் சொன்ன கதையே வரும். 'நீங்கள் எதை எரித்தீர்கள் அத்தை' என்று கேளுங்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், நீங்களும் பேசாமல் இருங்கள். அப்புறம் முதல் பெட்டி. ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டியிருக்கும், அதை இழுக்க வேண்டாம், கத்தரியால் வெட்டி எடுங்கள்.